ரோட்டில் பார்த்து ஆசைப்பட்ட வண்டி: ஒரு கான்டெசாவும் என் பத்து மாதமும்

2023 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சரவணம்பட்டி சிக்னலில் பைக்கில் நிற்கிறேன். பக்கவாட்டிலிருந்து மெரூன் நிறக் கான்டெசா கார் ஒன்று மெதுவாகத் திரும்பி சத்தி ரோட்டில் வடக்கே போனது. இட்லி மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவன், மாவுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். கோவில்பாளையத்தில் ஒரு பேக்கரி முன்னால் அது நிற்கும்வரை விடவில்லை. ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். அந்த ஒன்பது கிலோமீட்டர்தான் பத்து மாத அலைச்சலுக்கும், வண்டி விலைக்கு மேல் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கும் என்னைக் கொண்டுபோய் விட்டது. பழைய வண்டிமேல் ஆசை உள்ளவர்கள் யாராவது என்னைப் போலவே ஒருநாள் பின்னால் போவார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் முன்னாடியே சொல்ல ஆள் இல்லை.

கான்டெசா மேல் எனக்கு இருப்பது சின்ன வயசுப் பைத்தியம். தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் மில் முதலாளிகள் வீட்டில் நின்றவை அம்பாசிடரும் கான்டெசாவும்தான். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, அவினாசி ரோட்டில் இன்றைக்கு எத்தனை கான்டெசா என்று எண்ணுவேன். ஏழு பார்த்த நாள் ஒன்று உண்டு. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த வண்டி அது. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டருடையது. முதலில் அம்பாசிடரின் 1500 எஞ்சினைப் போட்டார்கள், அவ்வளவு பெரிய உடம்பை அதனால் இழுக்க முடியவில்லை. பிறகு ஜப்பான் இசுசுவின் 1.8 பெட்ரோல் எஞ்சின் வந்தது, அதன்பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது. இப்போது மாதத்துக்கு ஒன்று கண்ணில் பட்டாலே அதிகம். அதனால் ஒன்றைப் பார்த்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. அன்றைக்கும் செய்யவில்லை.

பேக்கரி முன்னால் வண்டியை விட்டு இறங்கிய பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க, சிக்னல்ல இருந்து பின்னாடியே வர்றீங்க? ஃபைனான்ஸ்ல இருந்து வர்றீங்களா?" என்றான். கடன் கட்டாத வண்டியைப் பிடித்துப்போக வரும் சீசிங் ஆள் என்று நினைத்துவிட்டான். நான் சிரித்து, "இல்லைங்க தம்பி, வண்டி பிடிச்சிருந்துச்சு, அதான்" என்றேன். ஃபைனான்ஸ்காரன் வருவானோ என்று ஒருவன் பயப்படுகிறான் என்றால் அந்த வண்டிப் பேப்பரில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நானோ போனட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோட்டில் நமக்குப் பிடித்த வண்டியைப் பார்த்தால் ஒரு தரம் டிம் அடிக்கலாம், கையைத் தூக்கலாம், சிக்னலில் பக்கத்தில் நின்றால் இரண்டு வார்த்தை பேசலாம். பின்னாலேயே போகாதீர்கள். உள்ளே இருப்பவர் பெண்ணாக இருக்கலாம், குழந்தைகள் இருக்கலாம், அவர்களுக்கு நம் மனசில் இருப்பது தெரியாது. ஓட்டிக்கொண்டே செல்போனில் படம் பிடிப்பது அதைவிட மோசம். பின்னாளில் என் வண்டியை ஒருவர் அப்படிப் படம் பிடித்துக்கொண்டே வந்து, முன்னால் மொபெட்டில் போன பெரியவரைக் கிட்டத்தட்ட இடித்தேவிட்டார். நிறுத்திய வண்டியைப் படம் எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுங்கள், வெளியே பகிரும்போது நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். ஒரு நம்பரை வைத்துக்கொண்டு ஒரு வண்டியைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பது கீழே படிக்கும்போது புரியும்.

வண்டி விற்பனைக்கு இல்லை என்றுதான் பையன் முதலில் சொன்னான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்த விதத்தைப் பார்த்த பிறகு, மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். சாயங்காலம் போன் வந்தது. 1,60,000. பேசி 1,45,000-க்கு முடித்தேன். மறுநாளே 25,000 முன்பணம். எங்கும் போய்விடாத வண்டிக்கு ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஈரோட்டில் ஒருவர், எல்லாப் பேப்பரும் சுத்தமாக இருந்த கான்டெசாவை 2,60,000 சொன்னார். விலை அதிகம் என்று விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஆர்.சி. புத்தகத்தின், அதாவது பதிவுச் சான்றின், ஜெராக்ஸ் ஒன்று கொடுத்தார்கள். 1993 மே மாதப் பதிவு. பெயர் அன்னூர் பக்கத்து ஆள் ஒருவருடையது. எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல், நிறம் என்ற இடத்தில் வெள்ளை. கண்முன்னால் நின்றதோ மெரூன் நிற டீசல் வண்டி. இதைப் படித்தேன், கேட்கவும் கேட்டேன். "அதெல்லாம் ஏத்திக்கலாங்க, எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க" என்று மாமா சொன்னார். பெயர் மாற்றத்துக்கு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தரும் படிவம் 29, படிவம் 30 இரண்டும் தேதி போடாமல் இருந்தன. சந்தையில் இதற்கு ஓப்பனில் ஓடும் வண்டி என்று பெயர். யாரோ ஒருவர் எப்போதோ போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு வண்டி கைமாறிக் கைமாறிப் போகும், பதிவில் மட்டும் பழைய பெயரே நிற்கும். அந்தக் கையெழுத்தில் வண்டியை வாங்கிய நான்காவது ஆள் நான். பெயர் மாற்றாமலே மூன்று பேர் ஓட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஒரு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். என் மகள் பின் சீட்டில் படுத்துக்கொண்டு வருவாள், அந்த சீட் அவ்வளவு அகலம். ஏப்ரலில் ஒருநாள் நீலாம்பூர் தாண்டி அவினாசி ரோட்டில் போகும்போது எதிரே சாம்பல் நிறக் கான்டெசா ஒன்று வந்தது. இரண்டு தரம் டிம் அடித்து, கையை வெளியே நீட்டி நிற்கச் சொன்னார். யூ டர்ன் போட்டு வந்து என் பின்னால் நிறுத்தினார். அறுபது வயதுக்காரர், ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, என்னிடம் பேசுவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, வண்டி எப்ப எடுத்தீங்க?"

"ஒரு மாசம் ஆச்சுங்கண்ணா."

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கை விரல் நகத்தால் ஒரு சாண் நீளத்துக்கு உருவினார். உள்ளே வெள்ளை. சுத்தமான, கம்பெனி அடித்த வெள்ளை. "இந்த வண்டி வெள்ளையா ஓடறப்பவே எனக்குத் தெரியுங்க. அன்னூர்ல பஞ்சு யாவாரம் பண்ணுனவரு வண்டி. பின்னாடிக் கண்ணாடியில மருதமலை முருகன் படம் ஒட்டியிருப்பாரு" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷமாக இந்தப் பக்கம் ஓடும் கான்டெசா ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து மனசில் வைத்திருக்கிறார் மனுஷர். எந்த வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது, எது எங்கே இடித்தது, எதில் எஞ்சின் மாறியது, எல்லாம் அவருக்குத் தெரியும். "2015 வாக்குல சூலூர் பக்கம் ஒரு பட்டறையில எஞ்சினை இறக்கிட்டு, பழைய அம்பாசிடர் டீசல் எஞ்சினை ஏத்துனாங்க. ஆர்.சி.யில ஏத்தியிருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். டீயை வைத்துவிட்டு, "அப்ப வண்டியை வீட்ல நிறுத்திருங்க தம்பி. பேப்பரைப் பாருங்க முதல்ல" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் 12,000 ரூபாயும் ஒரு மாதமும் மிச்சம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் முதல்முறையாக வண்டி விவரம் காட்டும் அரசுச் செயலியான எம்பரிவாகனில் வண்டி நம்பரை அடித்தேன். பதிவு 2018 மே மாதத்தோடு முடிந்திருந்தது. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், அதன்பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2008, 2013 இரண்டு முறையும் செய்திருக்கிறார்கள், 2018-ல் செய்ய ஆளில்லை. வண்டி வாங்கும் எண்ணம் வந்த நிமிஷமே செய்ய வேண்டிய வேலை இது. பைசா செலவில்லை. பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, எரிபொருள் என்ன, கடன் யார் பெயரில் இருக்கிறது, எல்லாம் அதில் வந்துவிடும். மிகப் பழைய வண்டிகள் சில கணினியில் ஏறாமலே இருக்கும். அப்படியானால் அதை ஏற்றித் தரும் பொறுப்பை விற்பவரிடம் விட்டு, ஏறிய பிறகு பணம் கொடுங்கள்.

எனக்கு ஒரு புரோக்கரைச் சொன்னார்கள். பெயர் மாற்றம், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாம் சேர்த்து முடித்துத் தருகிறேன் என்றவரிடம் 12,000 கொடுத்தேன். மே மாதம் வண்டியைக் காட்டச் சொன்னார். ஆய்வாளர், நம் ஊரில் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள், போனட்டைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்த எண், சரி. எஞ்சின் எண் வேறு, எஞ்சினே வேறு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, செய்ய வேண்டியதைத்தான் செய்தார். எரிபொருள் வகையே மாறும்படி எஞ்சினை மாற்றுவதற்கு முன்அனுமதி வேண்டும், மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். புரோக்கர் அன்று மத்தியானத்தோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ரசீது இல்லாத பணம், கேட்க வழியில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. 1,45,000 என் மனைவியோடு சேர்ந்து பிடித்த ஏலச்சீட்டுப் பணம். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "என்ன பண்ணலாம்னு அந்த அண்ணனையே கேளுங்க" என்று மட்டும் சொன்னாள். கூச்சப்பட்டுக்கொண்டே சாம்பல் வண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு லீவு போடுங்க, சூலூர் போலாம்" என்றார்.

சூலூர்ப் பட்டறையில் நாங்கள் பார்த்ததை மறக்க முடியாது. பின்பக்கத் தகரக் கொட்டகையில், கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே, எலிப் புழுக்கைக்கு நடுவே அந்த 1.8 பெட்ரோல் எஞ்சின் கிடந்தது. அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் எட்டு வருஷமாக வரவில்லை, மேஸ்திரியும் இரும்புக்குப் போட மனசில்லாமல் வைத்திருந்திருக்கிறார். அண்ணன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பிளாக்கைத் துடைத்தார். நான் ஆர்.சி. ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். கடைசி இலக்கம் வரைக்கும் பொருந்தியது. நாற்பது வயது தாண்டியவன், பட்டறை நடுவில் கண் கலங்கி நின்றேன். 18,000 கொடுத்து எடுத்தோம், ரசீது எழுதி வாங்கினோம். எஞ்சின் சுற்றாமல் இறுகிப் போயிருந்தது. போரிங், பிஸ்டன், ஹெட் வேலை, கார்புரேட்டர் எல்லாம் சேர்த்து 64,000. டீசலை இறக்கிப் பெட்ரோலை ஏற்றக் கூலி 14,000.

இதில் ஒரு கேள்வி வரும். இருக்கும் டீசல் எஞ்சினையே ஆர்.சி.யில் ஏற்றியிருக்கலாமே என்று. விசாரித்தேன். அந்த எஞ்சின் எந்த அம்பாசிடரிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பேப்பர் எங்கே, யார் விற்றார், ஒன்றுக்கும் பதில் இல்லை. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத எஞ்சினை என் பெயரில் பதிய எனக்குத் தைரியம் இல்லை. பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு பழந்துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், வெள்ளைப் பேப்பர், பென்சில் கொண்டுபோங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் துடைத்து, பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்து, அசல் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஜெராக்ஸோடு ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. பத்து நிமிஷ வேலை. அதைச் செய்திருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பேன்.

அடுத்தது பெயர் மாற்றம். இப்போது பதிவில் உள்ள உரிமையாளரின் செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், அது இல்லாமல் நகராது. ஆர்.சி.யில் இருந்த விலாசத்தைத் தேடி ஜூன் கடைசியில் அன்னூர் போனேன். ஓட்டு வீடு, வாசலில் வேப்பமரம். ஒரு அம்மா வந்தார். வண்டி நம்பரைச் சொன்னதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கணவர் 2014-ல் ஒரு வண்டி வியாபாரியிடம் விற்றிருக்கிறார், 2016-ல் காலமாகிவிட்டார். என் கையிலிருந்த படிவங்கள் இறந்துபோனவருடைய கையெழுத்து. இன்றைய தேதியைப் போட்டு அதைக் கொடுத்தால் மோசடி வழக்கு ஆகிவிடும். புரோக்கர் அதைத்தான் செய்ய இருந்திருக்கிறார் என்று நினைக்கும்போது இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த அம்மா உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்தார். அதில் இரண்டு அபராத நோட்டீஸ். இரண்டும் கணவர் இறந்த பிறகு, கணவர் பெயருக்கு வந்தவை. "செத்தவரு எங்க கண்ணு ரோட்ல போய் சிக்னல் தாண்டுனாரு? இதை யாருகிட்டச் சொல்றதுன்னே தெரியல" என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களைப் படித்தேன். என்னைவிட அவர்தான் இத்தனை வருஷமாக இந்த வண்டியைச் சுமந்திருக்கிறார் என்று தோன்றியது. வண்டி விற்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே உரிமையாளராகக் கருத வேண்டும், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் கையில் வண்டி இல்லாவிட்டாலும் நம் தலையில்தான் விழும். தேதி போடாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வாங்குபவரோடு கூடவே போய்ப் பெயர் மாறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால் வழி இப்படி. முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு வண்டி மாற வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று தரும் பிரமாணப் பத்திரம் வேண்டும். அதன்பிறகுதான் வாரிசிடமிருந்து நமக்குப் படிவம் 29, 30. அவர்கள் பட்டா மாற்றத்துக்காக வாரிசுச் சான்றிதழ் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார்கள், அது என் புண்ணியம். ஒரு மகன் மஸ்கட்டில். அவர் அங்கே இந்தியத் தூதரகத்தில் பத்திரத்துக்கு அத்தாட்சி வாங்கி அனுப்ப ஏழு வாரம் ஆனது. நோட்டரி, போக்குவரத்து, கூரியர் என்று 9,000. அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வேறு வழியே எனக்கு இல்லை. உங்களுக்கு அப்படி அமையும் என்று நம்பி வாங்காதீர்கள். வாரிசுகளுக்குள் சண்டை இருந்தால் அந்த வண்டி கொட்டகையிலேயே துருப்பிடித்துப் போகும்.

கடன் விஷயம் எனக்கு இல்லை, ஆனால் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் அதில் மூன்று வருஷம் மாட்டிக்கொண்டிருந்தார். கடனை அடைத்தும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயரை நீக்கவில்லை. அந்தக் கம்பெனியும் இழுத்து மூடிவிட்டார்கள், கடன் முடிந்தது என்று தரும் படிவம் 35-ல் கையெழுத்துப் போட ஆளில்லை. ஃபைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் இருந்தால் நீக்கிய பிறகு வரச் சொல்லிவிடுங்கள்.

இதற்கு நடுவே ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 15 வருஷம் தாண்டினால் வண்டியை உடைத்துவிடுவார்கள் என்றார் ஒருவர். பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 வருஷம் என்ற அந்தக் கட்டுப்பாடு டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு. நம் பக்கம் ஆய்வில் தேறினால் புதுப்பித்துத் தருகிறார்கள். வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாம் என்றார் இன்னொருவர். 2021-ல் வந்த அந்த விதி 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு, 1984-ல் பிறந்த கான்டெசாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

தகர வேலையைப் பற்றிக் கொஞ்சம். மெரூன் பெயின்ட் பளபளவென்று இருந்ததில் நான் ஏமாந்தேன். ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் டிரைவர் காலடியில் தரை தெரிந்தது, மேலே தார் ஷீட் ஒட்டி மறைத்திருந்தார்கள். முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, பின்சக்கர வளைவு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டை, இவ்வளவும் துரு. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுக்க ஒட்டிப் பாருங்கள். துருவையும் பள்ளத்தையும் மறைக்கப் பட்டி என்ற பசையை அப்பிய இடத்தில் ஒட்டாது. என் வண்டியில் வலதுபக்கப் பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் வழுக்கி விழுந்தது, டிங்கர் சுரண்டியபோது விரல் பருமனுக்குப் பட்டி வந்தது. டிங்கரிங்கும் பெயின்ட்டும் 78,000. ஆர்.சி.யில் உள்ளபடி வெள்ளையே அடிக்கச் சொன்னேன். பெயின்ட் கடையில் கலர் கேட்டபோது, கதவு பீடிங்குக்கு உள்ளே மிச்சமிருந்த அந்த ஒரு சாண் பழைய வெள்ளையைத்தான் காட்டினேன்.

டிசம்பரில் மறுபடி ஆய்வு. பதிவில்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது, முதல்முறை பிடித்தாலே ஐயாயிரம் வரை அபராதம் என்பதால் டோயிங் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன், போக வர 7,000. அதே ஆய்வாளர், அதே டார்ச். எண்ணைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "எங்கேங்க பிடிச்சீங்க ஒரிஜினல் எஞ்சினை?" என்றார். அன்றைக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000. 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆகிவிட்டது. கட்டணத்தைவிடக் கொடுமை தாமதத் தொகை. மாதத்துக்கு 500 வீதம் 67 மாதத்துக்கு 33,500. யாரோ மூன்று பேர் ஓட்டிய வருஷங்களுக்கு நான் கட்டினேன். விலை பேசும்போது பதிவு முடிந்து எத்தனை மாதம் என்று எண்ணி, ஐந்நூறால் பெருக்கி விலையில் கழித்துக் கேளுங்கள். பசுமை வரி நிலுவையையும் சேர்த்துப் பாருங்கள்.

2024 ஜனவரியில் என் பெயரில் ஆர்.சி. அட்டை வந்தது. வண்டி விலையோடு சேர்த்து மொத்தம் 3,85,500. லீவு 23 நாள், அதில் 11 சம்பளம் பிடித்தம். ஈரோட்டு வண்டியை 2,60,000-க்கு எடுத்திருந்தால் மறுநாளே பெயர் மாற்றி, மகளைப் பின் சீட்டில் படுக்கவைத்து ஊட்டி போயிருப்பேன்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் அதே வண்டி வைத்திருப்பவர் ஒருவரை ரோட்டில் நிறுத்திப் பேசுங்கள் என்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் பெரும்பாலானவர்கள் வண்டியை வெளியே எடுப்பார்கள். பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு சுற்று, அப்படியே ஒரு டீ. நிறுத்திய வண்டிப் பக்கத்தில் நின்று, "அண்ணா, வண்டி அருமையா வச்சிருக்கீங்க" என்று ஆரம்பித்தால் போதும், அரைமணி நேரம் பேசுவார்கள். எந்த மேஸ்திரி நல்லவர், எந்த வண்டிக்கு என்ன சரித்திரம், சென்னை புதுப்பேட்டையில் எந்தப் பாகம் கிடைக்கும், எது கல்கத்தா மல்லிக் பஜாரிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் பார்த்துவைத்த வண்டியின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். உள்ளூர் வண்டி என்றால் யாராவது ஒருவர் அதைப் பார்த்திருப்பார். என் வண்டியின் முழுக் கதையும் நான் முன்பணம் கொடுத்த அன்றைக்கே இருபது கிலோமீட்டர் தள்ளி ஒருவர் மனசில் இருந்தது. நான் மெரூன் வண்டிக்குப் பின்னால் போனேன், அவரைத் தேடிப் போகவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு அன்னூர் போனோம். அந்த அம்மா வேப்பமரத்தடியில் நின்று வெள்ளை வண்டியைப் பார்த்தார். பின் கதவைத் திறந்து உட்கார்ந்து, முன் சீட்டின் முதுகில் இருந்த பழைய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவினாசி வரைக்கும் கோயிலுக்குப் போய்வந்தோம். வழியில் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "அவரு இதுக்கு மேல வேகமா ஓட்டுவாரு" என்றார்.

இடதுபக்க டெயில் லேம்ப் கண்ணாடியில் விரிசல் இருக்கிறது, ஒன்றரை வருஷமாகத் தேடியும் சரியானது கிடைக்கவில்லை. தாராபுரம் ரோட்டில் ஒரு ரைஸ் மில் பின்னால் நீல நிறக் கான்டெசா ஒன்று ரொம்ப நாளாக நிற்கிறதாம், பஸ்ஸில் போகும்போது அண்ணன் பார்த்திருக்கிறார். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு இரண்டு வண்டியும் சூலூரில் சேர்ந்து கிளம்புகிறோம்.